நெஞ்சு என்றால் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பக்கத்து அரசாங்க வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே தமிழில் ஓயாமல் அடிபடும் சொற்களில் ஒன்று 'நெஞ்சு'. தோட்டத்திலிருந்து வரும் நோயாளிக்கும் சிங்களம் பேசும் வைத்தியருக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிக் கொடுக்கும் வேலையில் எனக்கு அதிகம் தொல்லை தந்த சொல்லும் அதுதான். நோயாளிகளும் அவர்களை அழைத்து வருகிறவர்களும், பரீட்சைக்குப் படிக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நெஞ்சு உடம்பில் சரியாக எந்த இடம்?

கழுத்துக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே, விலா எலும்புகள் சூழ்ந்த பகுதி என்று பாடப்புத்தகம் சொல்லும். பேச்சில் அந்த எல்லை நிற்காது. காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) நேரமாகிவிட்டதென்று ரொட்டியை அவசரமாக விழுங்கிவிட்டு, "ரொட்டி நெஞ்சை அடைக்கிறது, கொஞ்சம் சாயத்தண்ணீர் கொடு" என்று கேட்கிறவர் சொல்வது உணவுக்குழாயை. வெயிலில் கொழுந்து பறித்துவிட்டு வந்து "நெஞ்சு காய்ந்துவிட்டது" என்றால் அது தொண்டை. நெஞ்சுக்குழி என்பது இரண்டு பக்கத்து விலாக்களும் சேரும் இடத்துக்குக் கீழே உள்ள பள்ளம். அங்கே எரிச்சல் என்றால் பெரும்பாலும் இரைப்பையின் வேலை. "நெஞ்சில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே" என்று மாமியார் மருமகளிடம் சொல்லும்போது அது எந்த உறுப்பும் இல்லை, மனம்.

தொண்டையும் நுரையீரலும் இருதயமும் இரைப்பையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. போதாததற்கு மனச்சாட்சியும் துணிச்சலும் வேறு.

அப்படியென்றால் கேட்கிறவருக்கு எப்படித்தான் புரிகிறது?

வினைச்சொல்லால் புரிகிறது. 'நெஞ்சு' என்ற பெயர்ச்சொல் இடத்தைக்கூடச் சரியாகச் சொல்வதில்லை. அதற்குப் பின்னால் வருகிற வினைதான் நோயைச் சொல்கிறது. நோயாளி நெஞ்சு என்று தொடங்கியதும் நான் காத்திருப்பது அடுத்த சொல்லுக்காகத்தான்.

நெஞ்சு கரிக்கிறது, புளித்துக்கொண்டு வருகிறது என்றால் இரைப்பையின் அமிலம் மேலே வருகிறது. இரவில் வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தவர்கள் இதை அதிகம் சொல்வார்கள்.

நெஞ்சு இரைகிறது, இழுக்கிறது, கர்கர் என்கிறது: மூச்சுக்குழாய்கள் சுருங்கியோ சளி பிடித்தோ இருக்கின்றன. இதில் ஒரு சிக்கல் உண்டு. 'இழுப்பு' என்பதைச் சில வீடுகளில் மூச்சு இழுப்புக்கும், சில வீடுகளில் பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் வரும் வலிப்புக்கும் சொல்கிறார்கள். "பிள்ளைக்கு ராத்திரி இழுத்தது" என்று தாய் சொன்னால், "மூச்சு இழுத்ததா, கைகால் இழுத்ததா?" என்று கேட்காமல் அதை மொழிபெயர்க்கக் கூடாது. இரண்டுக்கும் மருந்து முற்றிலும் வேறு.

நெஞ்சு படபடக்கிறது, அடித்துக்கொள்கிறது என்றால் இருதயத் துடிப்பு தெரியும்படி வேகமாக இருக்கிறது. பயம் காரணமாகலாம், இரத்தச்சோகை காரணமாகலாம், தைராய்டும் காரணமாகலாம். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை நிறைய இருப்பதால் இந்த முறைப்பாட்டை "பயந்த சுபாவம்" என்று தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நெஞ்சு குத்துகிறது என்பவரிடம் மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்வார்கள். இழுக்கும்போது குத்து கூடினால் நுரையீரல் உறையிலோ விலாத் தசையிலோ கோளாறு இருக்கலாம். பாரமான கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிச் சுமந்தவருக்குத் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம்.

நெஞ்சு அடைக்கிறது, இறுக்குகிறது, யாரோ ஏறி உட்கார்ந்தமாதிரி இருக்கிறது. இந்த மூன்றையும் கேட்டால் வரிசை பார்க்கக் கூடாது. நேராக உள்ளே அழைத்துப்போக வேண்டும்.

அதிலும் மலைநாட்டுக்கே உரிய ஒரு வாக்கியம் இருக்கிறது: "மலைக்குப் போனால் நெஞ்சடைக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது." தோட்டத்தில் மலை என்றால் கொழுந்து பறிக்கும் இடம், மலைக்குப் போவதென்றால் வேலைக்குப் போவது. இது தெரியாதவர் "வேலைக்குப் போக விருப்பமில்லாமல் சொல்கிறார்" என்று நினைத்துவிடலாம். உண்மையில் அந்த வாக்கியம் இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்கியிருப்பதன் வரைவிலக்கணம் போலவே இருக்கிறது. ஏற்றத்தில் இருதயத்துக்கு அதிக இரத்தம் தேவைப்படுகிறது. சுருங்கிய குழாய் அதைக் கொடுக்க முடியாதபோது நெஞ்சு இறுகுகிறது. ஓய்வெடுத்தால் தேவை குறைந்து இறுக்கமும் விடுகிறது. சமதரையில் வாழ்கிறவருக்கு இந்த அறிகுறி காலம் தாழ்த்தித் தெரியலாம். லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து) செங்குத்தான படி ஏறுகிறவருக்கு முதலிலேயே தெரிந்துவிடும். அவர் அதைச் சொல்ல வேண்டும், கேட்கிறவர் அதை நம்ப வேண்டும்.

வாயால் சொல்வதைவிடக் கையால் காட்டினால் போதாதா?

பல சமயம் கைதான் சரியாகச் சொல்கிறது. முஷ்டியை மடக்கியோ உள்ளங்கையை விரித்தோ நடுநெஞ்சில் வைத்துக் காட்டுகிறவரை வைத்தியர்கள் கவனமாகப் பார்ப்பார்கள். இருதய வலியில் மக்கள் அப்படிக் காட்டுவதை மருத்துவத்தில் லெவின் அறிகுறி என்பார்கள். ஒரு விரல் நுனியால் "இதோ இந்த இடம்" என்று தொட்டுக் காட்டக்கூடிய வலி இருதயத்தினுடையதாக இருப்பது குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை.

சிங்களத்தில் எப்படிச் சொல்வது?

நெஞ்சு என்ற உடற்பகுதிக்குச் சிங்களத்தில் 'பப்புவ'. வலிக்கிறது என்பதற்கு 'பப்புவ ரிதெனவா', எரிகிறது என்பதற்கு 'பப்புவ தனவா', இறுக்குகிறது என்பதற்கு 'பப்புவ ஹிர வெனவா', படபடப்புக்கு 'பப்புவ கெஹெனவா'. மூச்செடுக்கக் கஷ்டம் என்றால் 'ஹுஸ்ம கன்ன அமாருய்'. இருமல் 'கெஸ்ஸ', சளி 'செம'. வைத்தியர் "மொக்கத அமாருவ?" என்று கேட்டால் "உடம்புக்கு என்ன?" என்று பொருள்.

மனத்துக்கு அவர்களிடம் 'ஹித' என்று தனிச்சொல் இருக்கிறது. மனம் நொந்தால் 'ஹித ரிதெனவா', உடம்பில் வலித்தால் 'பப்புவ ரிதெனவா'. (துக்கத்தில் பப்புவ பற்றி எரிவதும் அவர்களிடம் உண்டு, ஆனால் அது தனி வழக்கு.) தமிழில் இரண்டுக்கும் நெஞ்சையே இழுப்பதால், மாற்றிச் சொல்கிறவர் எது என்று தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் தீர்மானிக்காமல் நோயாளியிடமே திரும்பிக் கேட்பது நல்லது.

1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. நெஞ்சடைப்போடு வந்தவர் முதலில் சிங்களம் படித்துவிட்டு வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மேலே தந்த சொற்கள் அவசரத்துக்கு உதவத்தான்.

யாழ்ப்பாணத்து வைத்தியர் 'நெஞ்சுநோ' என்கிறார். அது வேறு நோயா?

இல்லை, நெஞ்சுவலிதான். வடக்கில் 'நோ', 'நோகுது' என்பார்கள். மலையகத்தில் தமிழ்நாட்டு வழக்குப்போல 'வலி'. அதைவிடக் கவனிக்க வேண்டியது 'வருத்தம்'. யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய்; இருதய வருத்தம் என்றால் இருதய நோய். தோட்டத்துப் பாட்டி "நெஞ்சில் வருத்தமாக இருக்கிறது, ஐயா" என்று மகனை நினைத்துச் சொன்னதற்கு ஈசிஜி எடுக்க எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. அந்தப் பக்கம் தவறுவதில் கெடுதி ஒன்றும் இல்லை. மறுபக்கம் தவறினால்தான் ஆபத்து.

"வாயு பிடித்திருக்கிறது" என்று வீட்டில் சொல்கிறார்கள். நம்பலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நெஞ்சுக்குழியில் வரும் வலியை வாயு என்றும் கேஸ்ட்ரிக் என்றும் சொல்லி, இஞ்சித் தண்ணீரும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டு விடியும்வரை பொறுத்திருப்பது நம்மிடம் பழக்கமாகிவிட்டது. மாரடைப்பும் அதே நெஞ்சுக்குழியில், அதே எரிச்சலாக, ஏப்பம் வந்தால் தேவலை என்பதுபோல வரலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே பெரிதாக இல்லாமல் களைப்பும் வியர்வையும் மூச்சு முட்டலும் மட்டும் வரலாம். பெண்களிடமும் அப்படி வருவது உண்டு.

வலியோடு வியர்த்துக் கொட்டினாலோ, இடது கைக்கும் தாடைக்கும் முதுகுக்கும் அது பரவினாலோ, ஓய்வெடுத்தும் பல நிமிடங்களாக விடாமல் இருந்தாலோ, வாயுவா இல்லையா என்று வீட்டில் முடிவு செய்யாதீர்கள். அதை ஈசிஜி முடிவு செய்யட்டும். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் சில மணி நேரம் வைத்திருந்து திரும்ப எடுப்பார்கள். "ஒன்றும் இல்லை என்றுதானே சொன்னார்கள்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுவதும் இயங்குகிறது. அழைக்கும்போது தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. மேல் டிவிஷனா கீழ் டிவிஷனா, எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், வாகனம் எதுவரை ஏறும் என்பதையும் சொல்லுங்கள். லயம்வரை பாதை இல்லாத இடங்களில் நோயாளியை நடக்கவிடாமல் பாதைவரை தூக்கி வர ஆட்களைத் திரட்டி வையுங்கள். நெஞ்சடைப்பு உள்ளவரைப் படியேற்றி நடக்கவைப்பதுதான் நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதி.

நெஞ்சு, மார்பு, மார், மார்பகம்: வேறுபாடு என்ன?

நெஞ்சு உள்ளே பார்க்கும் சொல், மார்பு வெளியே பார்க்கும் சொல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரிவரும். மார்பில் சந்தனம் பூசலாம், மாலை விழலாம், தையற்காரர் அளவெடுக்கலாம். நெஞ்சில் சந்தனம் பூசினேன் என்றால் கேட்கிறவர் அடுத்த வரி கவிதையாக வரும் என்று எதிர்பார்ப்பார். பழைய இலக்கியத்தில் ஆணின் மார்புக்கு 'அகலம்' என்றும் ஒரு சொல் உண்டு. விரிந்திருப்பதாலேயே அந்தப் பெயர்.

மார் என்பது மார்பின் குறுக்கம். மார்பகம் என்று இன்று பத்திரிகையும் சுகாதாரத் துண்டுப்பிரசுரமும் எழுதுவது பெண்களின் உறுப்பை. லயத்தில் யாரும் மார்பகம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "மாரில் கட்டி" என்பார்கள்; வெட்கப்பட்டால் "நெஞ்சில் கட்டி" என்பார்கள். பிள்ளை பெற்றவள் "பால் கட்டிக்கொண்டது" என்பாள். வெட்கத்தால் வரும் இந்த 'நெஞ்சு' ஆபத்தானது. ஆண் வைத்தியர் நுரையீரலைக் கேட்டுவிட்டு இருமல் மருந்து எழுதி அனுப்பிவிடக்கூடும். வைத்தியரிடம் சொல்ல முடியாவிட்டால் தாதியிடமோ உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடமோ சொல்லுங்கள். 35 வயதான பெண்களை வெல் வுமன் கிளினிக்குக்கு அழைப்பது இப்படிப்பட்ட கட்டிகளையும் முன்கூட்டியே பார்க்கத்தான்.

மாரடைப்பு என்ற சொல்லுக்கும் ஒப்பாரியில் மாரடிப்பதற்கும் தொடர்பு உண்டா?

பின்னால் வரும் சொல் வேறு. மார் + அடைப்பு மாரடைப்பு. மார் + அடித்தல் மாரடித்தல். இரண்டிலும் மார் ஒன்றுதான்.

இழவு வீட்டில் பெண்கள் வட்டமாக நின்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி சொல்வது தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மலைக்கு வந்த வழக்கம். மாசி மாதத்துக் காமன் கூத்தில் காமன் எரிந்த பிறகு ரதி புலம்பும் கட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓசை தெரியும். வேடம் போட்டு ஆடுகிறவர் ஆண்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சுற்றி நிற்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இந்த வழக்கத்திலிருந்து வந்ததுதான் 'கூலிக்கு மாரடித்தல்'. இறந்தவருக்கு உறவில்லாத ஒருவர் காசு வாங்கிக்கொண்டு வந்து மாரடித்து அழுவார். அதனால் மனம் ஒட்டாமல் சம்பளத்துக்காக மட்டும் செய்யும் வேலையை அப்படிச் சொல்கிறோம். அலுவலக மேசைகளில் இதை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கூலி என்ற பெயராலேயே தலைமுறை தலைமுறையாக அழைக்கப்பட்டவர்கள் நடுவில், மழையில் படங்கு கட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணைப் பார்த்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

நெஞ்சுச்சளியும் மார்ச்சளியும் ஒன்றா? மலைநாட்டில் ஏன் இவ்வளவு இருமல்?

ஒன்றுதான். குளிரும் மூடுபனியும் ஒரு காரணம் என்று எல்லாரும் சொல்கிறோம். நுவரெலியா நகரம் 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது, குளிர் இருக்கத்தான் செய்யும். ஆனால் குளிரைக் குற்றம் சொல்லிவிட்டு அடுப்பை மறந்துவிடுகிறோம். பழைய லயத்துக் காம்பராவில் (அறையில்) விறகு அடுப்பு எரியும்போது புகை போக வழி இல்லை. சமைப்பவளும் அவள் மடியில் இருக்கும் பிள்ளையும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். சுருட்டும் பீடியும் தொடாத பாட்டிகளுக்கு நாள்பட்ட நெஞ்சிரைப்பு வருவதற்கு அந்தப் புகை ஒரு முக்கிய காரணம். ஒரே காம்பராவில் பலர் நெருக்கமாகப் படுப்பதால் ஒருவரின் சளி எல்லாருக்கும் போகிறது.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்கக் கொடுங்கள். காசநோய் என்று தெரிந்தாலும் பயப்பட ஒன்றும் இல்லை. அரசாங்கமே மருந்தை இலவசமாகத் தருகிறது. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குத்தான் நோய் பிறகு பிடிவாதமாகத் திரும்புகிறது. செஸ்ட் கிளினிக்குக்குப் போவதை அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்கள் என்று தயங்குவார்கள். அங்கே ஆஸ்துமாக்காரர்களும் போகிறார்கள், அதையே காரணமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

நெஞ்சில் சித்தாலேப என்ற மூலிகைத் தைலம் தேய்த்தால் சளி கரையுமா?

கரையாது. மூக்கு திறந்ததுபோல இருக்கும், சூடு இதமாக இருக்கும், தூக்கம் வரும். கைக்குழந்தையின் மூக்கருகே தேய்க்காதீர்கள். கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் பெரியவர்களுக்கு நல்லது.

"நெஞ்சு கனக்கிறது" என்பது நோயா, கவலையா?

இதுதான் எனக்கு மிகக் கடினமான வாக்கியம். மகன் கொழும்பில் கடை வேலைக்குப் போய்ப் பேச்சில்லை, மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள், பேரப்பிள்ளைகள் கையில். இப்படிப்பட்ட ஓர் அம்மா வந்து நெஞ்சு பாரமாக இருக்கிறது என்கிறார். இருதயமும் பாரமாக இருக்கலாம், மனமும் பாரமாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். உடம்பைப் பரிசோதித்து முடித்த பிறகுதான் கவலையைப் பற்றிப் பேச வேண்டும். வரிசை மாறக் கூடாது. ஈசிஜி சரியாக வந்தபின் "உங்களுக்கு ஒன்றும் இல்லை, அம்மா" என்று சொல்லி அனுப்புவதும் எனக்குப் பிடிக்காது. மனச்சோர்வுக்கும் மருந்து இருக்கிறது, கிளினிக் இருக்கிறது. தமிழில் அந்த நோயாளிகள் மனம் என்று சொல்ல மாட்டார்கள், நெஞ்சு என்றுதான் சொல்வார்கள்.

நெஞ்சு மனச்சாட்சி ஆனது எப்போது?

குறைந்தது வள்ளுவர் காலத்திலேயே ஆகிவிட்டது. 293ஆம் குறள்: "தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்." இங்கே நெஞ்சு அறிகிறது, பிறகு சுடுகிறது. சாட்சியும் அதுவே, தண்டனை கொடுப்பதும் அதுவே. காமத்துப்பாலில் 125ஆம் அதிகாரம் நெஞ்சொடு கிளத்தல், 130ஆம் அதிகாரம் நெஞ்சொடு புலத்தல். முதலாவதில் தலைவி தன் நெஞ்சிடம் இந்த நோய்க்கு ஒரு மருந்து சொல்ல மாட்டாயா என்று கேட்கிறாள். நெஞ்சை எதிரில் உட்காரவைத்துப் பேசுவதும் சண்டை போடுவதும் தமிழுக்குப் பழைய பழக்கம். பின்னாளில் அதைத் தூது அனுப்பவே தொடங்கி, உமாபதி சிவாச்சாரியார் நெஞ்சுவிடு தூது பாடினார்.

"நெஞ்சில் கைவைத்துச் சொல்" என்று தொழிற்சங்கக் கூட்டத்திலும் கோயில் திருவிழாக் கணக்கு வாசிப்பிலும் கேட்பது இந்தப் பொருளில்தான். 'நெஞ்சறியப் பொய்' என்பதும் அதுவே.

நெஞ்சுரம், நெஞ்சழுத்தம் இரண்டும் துணிச்சல்தானே?

துணிச்சல்தான், ஆனால் ஒன்று பாராட்டு, மற்றது திட்டு. சம்பள உயர்வு கேட்டுத் தோட்டத்துத் துரையின் முன்னால் நின்றவருக்கு நெஞ்சுரம். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அரைப்பேர் (அரைநாள் வேலை) போட்டுவிட்டு முழுப்பேர் போட்டேன் என்று முகத்துக்கு நேரே சாதிக்கிறவருக்கு நெஞ்சழுத்தம். பரீட்சையில் இவற்றை மாற்றி எழுதினால் புள்ளி போகும். 'மார்தட்டுதல்' இவை இரண்டிலும் சேராது. அது வெறும் பெருமை.

நெஞ்சு, நெஞ்சம் எப்போது எதை எழுதுவது? சேர்த்து எழுதும்போது ஒற்று மிகுமா?

நெஞ்சம் மனத்துக்கு மட்டும். நெஞ்சம் வலிக்கிறது என்று எழுதினால் மாத்திரை கிடைக்காது. நெஞ்சு மென்தொடர்க் குற்றியலுகரம். உயிரெழுத்து வந்தால் உகரம் கெடும்: நெஞ்சடைப்பு, நெஞ்செரிச்சல், நெஞ்சுரம். இத்தகைய தொகைகளில் வல்லினம் வந்தால் மிகும்: நெஞ்சுச்சளி, நெஞ்சுக்கூடு, நெஞ்சுக்குழி. நெஞ்சுவலியில் மிகுவதற்கு எதுவும் இல்லை.

'நெஞ்சார்ந்த நன்றி' என்று எழுதலாமா?

எழுதலாம். பதாகைகளில் எழுதி எழுதி அதில் நெஞ்சு தேய்ந்துவிட்டது. வெறும் 'நன்றி' போதும்.

இறைச்சிக் கடையில் நெஞ்செலும்பு கேட்டால் என்ன தருவார்கள்?

ஆட்டின் முன்பக்கத்து நெஞ்சுப் பகுதியை, குருத்தெலும்போடு வெட்டித் தருவார்கள். சூப்புக்கு அதுதான் நல்லது; குருத்து வெந்து கரைவதால் தண்ணீர் கொழுகொழுப்பாகும். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு மெல்லிய தீயில் நெடுநேரம் வைக்க வேண்டும். சளி பிடித்தவருக்குக் கொடுக்கலாம். இருதய நோயாளிக்குக் கொடுப்பதானால் ஆறவைத்து மேலே உறையும் கொழுப்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள், உப்பையும் குறையுங்கள்.